நூற்று நாற்பத்தாறாம் பக்கம்

கோகிலவாணி கொடுத்த புத்தகத்தைக்
கம்பெனி வேனில் பாதி,
கிரைண்டர் ஓடுகிற நேரத்தில் மீதி என்று
மூன்றே நாளில் முடித்துவிட்டேன்.
அட்டையில் ஆரஞ்சு ஸ்கூட்டி,
ஒரே குடை, நாலு கால்.
தலைகளைக் காட்டவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
சிரித்தேன்.
பெண் பார்க்கப் போனவன் வீடு மாறி உட்கார்ந்து
ரெண்டு தட்டு பஜ்ஜி தின்ற பிறகு
அது இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் வீடு என்று தெரிந்து
மரியாதைக்கு ஒரு பாலிசி போட்டுக்கொண்டு
வெளியே வருகிறானே, அங்கே
மங்கலம் ரோட்டுப் பள்ளத்தில் வேன் இறங்கி ஏற,
வாய்விட்டே சிரித்தேன்.
"ஏனக்கா, போன்லயா?" என்றாள் மாராத்தாள்.
புத்தகம் என்றதும்
ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பேச்சும் நல்ல பேச்சு.
அவள் சொன்னது காய்வதற்குள் இவன் ஒன்று,
பவர் டேபிளில் நூல் அறாமல்
ஓடுகிற தையல்.

ஆனால் பதினாறு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள்.
எதை எடுத்தாலும் விரல் தானாகத் தடவும்,
ஓட்டை எங்கே என்று.

முழுப் புத்தகத்திலும்
ஒரு திங்கட்கிழமை கிடையாது.
அவன் கோயமுத்தூரில் காபிக் கடை வைத்திருக்கிறான்.
பால் யார் ஊற்றுகிறார்கள்,
அட்வான்ஸ் எத்தனை லட்சம், ஒரு வரி இல்லை.
மழை, கூப்பிட்டால் வருகிறது.
நனைந்த சுடிதார் அடுத்த பக்கத்தில்
இஸ்திரி போட்டு நிற்கிறது.
"ஏனுங்க" என்று பேசுகிறவர் டிரைவர் ஒருத்தர்தான்;
அவர் வாயைத் திறந்தால்
நாம் சிரிக்க வேண்டுமாம்.
ஒரு போனை எடுக்காததால்
அறுபது பக்கம் பிரிந்து கிடக்கிறார்கள்.
எங்கள் வீட்டில்
போனை எடுத்துப் பேசித்தான் பிரச்சினையே.

கடைசியில் பொள்ளாச்சியில் மண்டபம்.
ரெண்டு வீட்டாரும் கைகோத்து ஆடுகிறார்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில்
"நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்று
ஒருத்தர் கேட்கவில்லை.
தண்ணிச் சொம்பு கைக்கு வரும் முன்பே
வந்துவிடுகிற கேள்வி.
காங்கேயத்தில் கேட்பார்கள்,
பல்லடத்தில் கேட்பார்கள்,
வாடகைக்கு வீடு பார்க்கப் போனால்
கேட்டை முழுக்கத் திறக்காமலே கேட்பார்கள்.
பொய் சொல்லலாம்,
அதுக்காக இப்படியா?
இதைத்தான் பெரிய குறையாக
எடுத்து வைத்திருந்தேன்.

திருப்பிக் கொடுக்கும் முன்
அட்டையில் காய்ந்த மாவைத் துடைத்தபோது
தானாக விரிந்தது நூற்று நாற்பத்தாறு.
பலமுறை மடித்து மடித்து
முனை பஞ்சாகியிருந்தது.
அங்கே ஒன்றும் நடக்கவில்லை.
அவளை அவன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறான்.
அம்மா கதவைத் திறக்கிறாள்.
"வா கண்ணு, சாப்ட்டயா?"
அவ்வளவுதான்.
பேர்கூடக் கேட்கவில்லை.
நான் நிற்காமல் தாண்டிப் போன இடம்.

அந்த வரியைப் பார்த்து
ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது,
துணியில் பழுது இருந்தால்
நாங்கள் ஒட்டுவோமே, அதே ஸ்டிக்கர்.

அயர்ன் டேபிள் பையனோடு
டீ நேரத்தில் அவள் நிற்பது எனக்குத் தெரியும்.
அவள் எந்தத் தெரு,
அவன் எந்தத் தெரு,
அதுவும் தெரியும்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டாள்,
"எப்படிங்கக்கா இருந்துச்சு?"
திங்கட்கிழமை, பால், போன்
எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன.
"பஜ்ஜி எடம் நல்லாருந்துச்சு" என்றேன்.
புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினேன்.
அம்பை உரிக்கவில்லை.
பார்த்ததாகவும் சொல்லவில்லை.

"மழதான் கொஞ்சம் எச்சு."

"ஆமாங்க்கா" என்று சிரித்தாள்,
"நம்மூர்ல எங்க பேயுது."